டைல்ஸ் பதிக்க முன் தரையைக் கவனியுங்கள்

கீழே கடை, மேலே வீடு. எமது வர்த்தகர்கள் பலரது கட்டிடங்கள் இப்படித்தான் அமைந்துள்ளன. மேல்மாடிக் குளியலறையில் கசிவு ஏற்பட்டால் முதலில் நனைவது கீழே அடுக்கியிருக்கும் சரக்குத்தான். கட்டிடப் பொருள் வியாபாரம் செய்யும் என்னிடம் இந்தப் பிரச்சினையோடு வருபவர்களில் அநேகர், "நல்ல டைல்ஸ் எது?" என்றே கேட்கிறார்கள். டைல்ஸை மாற்றினால் கசிவு நின்றுவிடும் என்பது அவர்களது எண்ணம்.

டைல்ஸ் நீரை உறிஞ்சாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள இணைப்பு வழியே நீர் மெல்ல மெல்ல இறங்கும். அதைத் தடுப்பது டைல்ஸின் கீழே பூசப்படும் நீர்த்தடுப்புப் பூச்சுத்தான். சீமெந்துத் தூளைக் கரைத்து ஊற்றுவது அதற்கு ஈடாகாது; அது காய்ந்ததும் வெடிக்கும்.

பழைய தரையைத் திருத்தல்

பழைய டைல்ஸை அகற்றியபின் தரை முழுவதையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் இடங்களை உறுதியான கொங்கிரீட் தென்படும்வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பி துருப்பிடித்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சிட்டு, திருத்த வேலைக்கான சாந்தால் நிரப்புங்கள். கம்பி மெலிந்து போயிருந்தால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் மூடிவிடாதீர்கள்.

கசிவு அதிகம் தொடங்குவது குழாய்கள் தரையைத் துளைத்துச் செல்லும் இடங்களிலும் சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும்தான். குழாயைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத சாந்தால் அடைக்க வேண்டும். அதன்பின் ஒரு மீற்றருக்கு 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை வடிகாலை நோக்கிச் சரியுமாறு தரையை மட்டப்படுத்த வேண்டும்.

பூச்சும் கணக்கும்

தரை நன்கு காய்ந்து தூசு நீங்கியபின் மூலைகளில் வலைத்துணி வைத்து இரண்டு தடவை பூச வேண்டும். முதற்பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவதைப் பூசுவது நல்லது. இடைவெளி எவ்வளவு என்பது பேணியிலேயே எழுதப்பட்டிருக்கும்.

கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். 5 அடிக்கு 7 அடி குளியலறையின் தரை 35 சதுர அடி. பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றினால் மேலும் ஏறத்தாழ 24 சதுர அடி சேரும். 35 அடிக்கு மட்டும் விலை தருபவர் சுவரை விட்டுவிடுகிறார் என்பதே பொருள். ஷவருக்குக் கீழுள்ள சுவரில் ஆறடி வரை பூசுவது அவசியம்.

பரிசோதனை

பூச்சு முற்றாகக் காய்ந்தபின் வடிகாலை அடைத்து, இரண்டங்குலம் நீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணித்தியாலம் விடுங்கள். மறுநாள் கடைக் கூரையின் அடிப்புறத்தைப் பாருங்கள். ஈரம் தெரிந்தாலோ நீர்மட்டம் கணிசமாக இறங்கியிருந்தாலோ, குறையைத் திருத்தி மீண்டும் நிரப்ப வேண்டும்.

"ஒருநாள் வீணாகிறது" என்று மேசன்மார் அவசரப்படுத்தலாம். இணங்கிவிட வேண்டாம். இந்தப் பரிசோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி, அது முடியும்வரை டைல்ஸ் வேலைக்கான முற்பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் பதித்தபின் வெளிப்படும் கசிவுக்கு உடைத்த டைல்ஸின் விலை, இரட்டைக் கூலி, நனைந்த சரக்கு ஆகிய மூன்றும் உங்கள் கணக்கிலேயே விழும்.