மண்ணில் சிமெண்டு பிடித்ததா? மின்சாரம் காட்டிவிடும்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் கடலோரம் நெருங்க நெருங்க மண் வெறும் இளகிய களிதான். இத்தகைய மண்ணில் சிமெண்டு கலந்து இறுக்கிய பிறகு சாலை, கட்டடம் எழுப்புவதுண்டு. கலவை பிசகினால் பின்னாளில் தரை அமிழும். சுவர் வெடிப்பு விடும்.

மாதிரி வெட்டியெடுத்து நசுக்கிப் பார்ப்பதே வழக்கம். ஆனால், வெட்டிய இடத்தின் பலம் மட்டுமே அதில் தெரியும்.

மின்சோதனைக்கு நான்கு உலோகக் கம்பிகளை வரிசையாக ஊன்றுவார்கள். ஓரக் கம்பிகளில் சிறு மின்னோட்டம் செலுத்தி, நடுக் கம்பிகளில் மின்னழுத்தம் அளப்பார்கள். பிராங்க் வென்னர் 1915இல் விளக்கிய முறை இது. சிமெண்டு இறுகும்போது ஈரம் குறைந்து நுண்துளைகள் அடைபடும், மின்தடை ஏறும். 28 நாளாகியும் ஏறாத இடத்தைச் சந்தேகிக்கலாம்.

உப்புநீர் ஊறிய களிமண்ணில் மட்டும் கவனம் தேவை. அங்கே நல்ல கலவையும் குறைந்த மின்தடை காட்டும். அதே இடத்து மாதிரிகளை நசுக்கிய கணக்கோடு ஒப்பிட்டால்தான் மீட்டரை நம்பலாம்.