கால் நனையாம காவிரியை அளக்கலாம், வாங்க!

'இந்த சைன், காஸ், டேன் எல்லாம் பரீட்சையோட சரி, அப்புறம் எதுக்குங்க?'னு கேக்கற ஆளா நீங்க? அடுத்த தடவை கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலுக்குப் போனா, அப்படியே காவிரிக்கரைக்கு வாங்க. அக்கரை, நாமக்கல் மாவட்டம். நடுவுல ஆத்தோட அகலம் எவ்வளவு? பரிசல் வேண்டாம். ஒரு டேப்பும் பாகைமானியும் போதும்.

நேர் எதிரே அக்கரையில ஒரு மரத்தைக் குறி வையுங்க. நின்ன இடத்துலேர்ந்து கரையோரமா நேரா 100 மீட்டர் நடங்க. அங்கே நின்னு, நடந்த கோட்டுக்கும் மரத்துக்கும் உள்ள கோணத்தைப் பாருங்க. உதாரணத்துக்கு, 75 டிகிரினு வெச்சுக்குவோம். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால வகுத்தா டேன். டேன் 75 = 3.73. ஆக, அகலம் 373 மீட்டர்!

ஆனா, உஷார்! அதையே 76னு படிச்சுட்டா விடை 401. ஒரு டிகிரிக்கு 28 மீட்டர் அவுட்! ஃபார்முலா ஈஸி பாஸ், கோணம்தான் வில்லன்.

1802-ல் சென்னையில் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டனுக்கும் இதே தலைவலிதான். அதுக்காகவே அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமந்து போனாங்க. 1808-ல் தஞ்சை பெரிய கோயில் கோபுரத்துல ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவியோட வட்டமே வளைஞ்சுபோச்சு. மனுஷன் வாரக்கணக்கா உட்கார்ந்து, தானே அதைச் சரிபண்ணிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தார்.

நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. கோணம் 45 ஆகற வரைக்கும் நடந்துட்டே இருங்க. டேன் 45 = 1. நடந்த தூரம்தான் அகலம். ஒரு டிகிரி பிசகினாலும் தப்பு பாதியாயிடும். கால்குலேட்டரும் வேண்டாம்!