250 கிராம் ட்ரோனுக்கும் பதிவு எண் வேண்டும்

"250 கிராமுக்குக் குறைவு, லைசென்ஸ் தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம்." சின்ன கேமரா ட்ரோன் விற்பவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் வசனம் இது. லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. எங்கே வேண்டுமானாலும் என்பது பொய். அந்தப் பொய்யை நம்பி முதல் ட்ரோனை வாங்கியவர்கள்தான் கோயில் கோபுரத்துக்கு மேல் ஒரு ஷாட், விமான நிலையச் சுவரோரம் ஒரு ரீல்ஸ் என்று ஆசைப்பட்டு, காவல் நிலைய பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். 2025 ஏப்ரலில் திருமலைக் கோயிலுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்ட ராஜஸ்தான் யூடியூபர் ஒருவர் தேவஸ்தானக் கண்காணிப்புப் பிரிவினரிடம் பிடிபட்டார். இதெல்லாம் செய்தியில் வந்த பிறகும் கடைக்காரர் சொல்வதே சட்டம் என்று நினைப்பவர்கள் குறைந்தபாடில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய விதி ஒரு காரணம். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிமுறை, 50 அடி உயரத்துக்குள் பறக்கும் நானோ ட்ரோன்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளித்தது. 2021 ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகள் 2021 வந்ததும் அந்த விலக்கு போய்விட்டது. நானோவாக இருந்தாலும் யுஐஎன் எனப்படும் தனி அடையாள எண் வேண்டும். பெட்டியில் 'பொம்மை' என்று அச்சடித்திருப்பதால் விதி மாறிவிடாது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விதி கணக்கில் எடுப்பது, ட்ரோன் சுமந்து செல்லும் அனைத்தையும் சேர்த்த எடை. 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பு வளையம் மாட்டினாலோ, பெரிய பேட்டரி போட்டாலோ 250 கிராமைத் தாண்டிவிடும். அதன் பிறகு அது நானோ அல்ல, மைக்ரோ. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும். எதற்காகப் பறக்கவிட்டாலும் மைக்ரோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டிலிருந்து விலக்கு நானோவுக்கு மட்டும்தான்.

பதிவு செய்வது எப்படி? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ இணையதளத்தில் கணக்கு தொடங்கி, படிவம் டி-2 நிரப்ப வேண்டும். கட்டணம் 100 ரூபாய். அடையாள எண் மூன்று தொடர் எண்களோடு இணைக்கப்படுகிறது: ட்ரோனின் எண், அதற்குள் இருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலரின் எண், ரிமோட்டின் எண். ரிமோட் பழுதாகி வேறு மாற்றினால் 7 நாட்களுக்குள் அதையும் பதிவில் திருத்த வேண்டும். பழைய ட்ரோன் வாங்குபவர்கள் விற்றவரோடு சேர்ந்து டி-3 படிவத்தில் பெயர் மாற்றம் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. புதிதாக வாங்குபவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேமராவைப் பற்றியது அல்ல: "இந்த மாடலுக்கு யுஐஎன் கிடைக்குமா? பில்லில் எழுதித் தருவீர்களா?" மழுப்பினால் வேறு கடைக்குப் போய்விடலாம்.

பில், யுஐஎன் விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார்? வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. அதன் பிறகும் பில் இல்லாத சரக்கு சந்தையில் சுற்றுகிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர்கள், பெட்டிக்குள் ஒன்றை மறைத்துக் கொண்டுவருவதும் நடக்கிறது. ட்ரோன் இருந்தால் சுங்கப் படிவத்தில் அறிவித்தே தீர வேண்டும். உண்மையை அறிவித்த பயணி, சுங்கச் சட்டம் 1962-ன் 80-வது பிரிவின்படி, பொருளைப் பிடித்து வைத்துத் திரும்பிப் போகும்போது தரும்படி கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மறைத்தவருக்கு அந்த வழி இல்லை.

அடுத்தது வரைபடம். ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையில் நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த உச்சவரம்பு 200 அடி. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். முன் அனுமதி வேண்டும். பல்லாவரம், பம்மல் மொட்டை மாடிகளில் ட்ரோன் ஏற்றுபவர்கள் சென்னை விமான நிலையம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரம், சூலூர், தஞ்சாவூர்க்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம். எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். அதை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் நடைமுறையில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டு, பத்திரிகைக்கு ஒரு குறிப்பு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பேப்பர் படிக்காதவர் மாட்டிக்கொள்கிறார். காவல் நிலையத்தில் போய்க் கேட்டால் ஒருவர் "பறக்கவிடலாம்" என்பார், அடுத்தவர் "கூடவே கூடாது" என்பார். வாய்மொழிப் பதிலை நம்பக் கூடாது. எழுத்து மூலம் கேட்டு, மனுவுக்கு ஒப்புகை வாங்க வேண்டும். பறக்கவிடும் நாளன்று வரைபடத்தையும் அன்றைய செய்தித்தாளையும் இரண்டையுமே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது.

ட்ரோனைப் பறிமுதல் செய்தால் பறிமுதல் மகஜர் நகலைக் கேட்டுப் பெறலாம். வழக்கு நடக்கும்போது பொருளைத் திரும்பப் பெற, அதே சன்ஹிதாவின் 497 அல்லது 503-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். மனு நிற்க வேண்டுமானால் பில்லும் யுஐஎன்னும் கையில் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளம் வழியாக இயக்குநரகத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

மலிவு ட்ரோனில் ஏமாறுபவர்கள் தனி ரகம். சில ஆயிரம் ரூபாய்க்கு '4கே கேமரா' என்று விற்கப்படுபவற்றில் பலவும் சாதாரணப் படத்தை ஆப் மூலம் பெரிதாக்கிக் காட்டுபவை. ஜிபிஎஸ் இல்லாததால் காற்றடித்தால் ஒதுங்கிப் போகும். தானாகத் திரும்பி வராது. ஏமாந்தவர்கள் ஒரு மோசமான விமர்சனம் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். அது போதாது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெட்டியைப் பிரிக்கும்போது இடையில் வெட்டாத வீடியோ எடுத்து வைக்க வேண்டும். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினால், 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்கின்றன 2020-ன் மின்வணிக விதிகள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாகச் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

ட்ரோனைத் தரையிலிருந்து எழுப்பும் முன் நான்கைச் சரிபாருங்கள்: பில், யுஐஎன், அன்றைய வரைபடம், அன்றைய செய்தித்தாள். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.