இறுவட்டிற் பதிதல்: பிழைகளும் அவற்றின் காரணங்களும்

வீட்டுக் கணினியில் இறுவட்டொன்றைப் பதிய முயல்வோர் பலர் ஒரே அனுபவத்தைப் பெறுகின்றனர். வெற்று வட்டு இடப்படுகின்றது, கோப்புகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன, கட்டளை கொடுக்கப்படுகின்றது. சில நிமிடங்களின் பின்னர், விளங்காத எண்ணொன்றும் வாக்கியமொன்றும் திரையிலே தோன்ற, வட்டு பாழாகின்றது. உடனே வேறொரு வட்டு இடப்படுகின்றது, அதுவும் பாழாகின்றது. மூன்றாவது வட்டும் போனபின், பழி கணினியின்மீதோ, வட்டை விற்ற கடைக்காரர்மீதோ சுமத்தப்படுகின்றது. பிழை எங்கே உள்ளது என்பதை ஆராயாமல், முன்செய்ததையே மீண்டுஞ் செய்வதுதான் இவ்விழப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும்.

நினைவுக் குச்சியும் இணையமும் வந்துவிட்ட இக்காலத்தில் இறுவட்டு எதற்கு என்று சிலர் வினவலாம். திருமண ஒளிப்பதிவுகளும், ஒலிநாடாவிலிருந்து மாற்றப்பட்ட பெரியோர் குரல்களும், கோயில் திருவிழாக்களின் மேளக் கச்சேரிகளும் இன்றும் எத்தனையோ வீடுகளில் இறுவட்டுக்களிலேயே இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கவும், புதியனவற்றைச் சேர்த்து வைக்கவும் பதிவு தேவைப்படுகின்றது. இங்கே கருதவேண்டிய பிழைகள் இருவகைப்படும். ஒன்று, பதியும்போதே தன்னை அறிவித்துவிடும் பிழை. அதனால் நட்டமாவது ஒரு வட்டு மாத்திரமே. மற்றது, வெற்றி என்று திரையிற் காட்டிவிட்டு உள்ளே மறைந்திருக்கும் பிழை. அதனை நம்பி மூலநாடா வீசப்பட்டுவிட்டால், நட்டமாவது மீண்டும் பெறமுடியாத ஒரு குரலாகும்.

பிழையின் காரணத்தை அறிவதற்குப் பதிவின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசை வட்டுக்கள், தொழிற்சாலையில் அச்சிற் பொறித்து எடுக்கப்பட்டவை. வீட்டிற் பதிதற்குரிய வட்டு வேறானது. அதற்குரிய விதிகளைப் பிலிப்ஸ், சோனி என்னும் கம்பனிகள் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்டன. 12 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அவ்வட்டின் பெரும்பகுதி தெளிந்த பிளாஸ்டிக்காகும். பிளாஸ்டிக்கின்மேல் ஒரு சேதனச் சாயப் படலமும், அதன்மேல் ஒளியைத் தெறிக்கச்செய்யும் வெள்ளி போன்றதோர் உலோகப் படலமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மெல்லிய பூச்சும் உள்ளன. பதியும் லேசர் ஒளி கீழிருந்து வந்து, சாயத்தை ஆங்காங்கே சூடாக்குகின்றது. சூடேறிய புள்ளி தன் இயல்பு மாறி, ஒளியை முன்போலத் தெறிக்கமாட்டாததாகின்றது. ஒளிரும் இடமும் மங்கிய இடமும் மாறிமாறி வருகின்ற இந்த நீண்ட சுருளே பதிவு ஆகும். இதனை எரித்தல் என்று கூறுவதும் பொருத்தமானதே. மாறிய சாயம் மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆதலால் ஒருமுறை பதியும் வட்டிலே பிழையை அழித்து எழுத இடமில்லை. அழித்தெழுதும் வட்டுக்களில் சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை பயன்படுகின்றது. அவற்றின் குணம் வேறு.

முதலாவது குறை, வட்டை இட்டபின்னும் கணினி அதனை அறியாதிருப்பது. இதற்குக் காரணம் பல வேளைகளில் மிக எளியதாகும். டி.வி.டி. வட்டைச் சீடி மாத்திரம் பதியும் செலுத்தியில் இட்டிருக்கலாம். அல்லது முன்னரே பதிந்து மூடப்பட்ட வட்டாக இருக்கலாம். டி.வி.டி. வட்டிலும், பெயரிலே கழித்தற்குறி உள்ளதும் கூட்டற்குறி உள்ளதும் என இரு வகை உண்டு. முன்னது 1997 ஆம் ஆண்டிலும் பின்னது 2002 ஆம் ஆண்டிலும் தோன்றியவை. பிற்காலச் செலுத்திகள் இரண்டையும் ஏற்கும். பழையன சில ஒன்றை மாத்திரமே ஏற்கும்.

இவை ஒன்றும் காரணமன்றாயின், ஓர் எளிய சோதனை உண்டு. சீடி வட்டுக்கு 780 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியும், டி.வி.டி. வட்டுக்கு 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியும் வேண்டும். இவ்விரண்டுக்கும் செலுத்தியினுள்ளே தனித்தனி லேசர்கள் உள்ளன. கடையில் வாங்கிய இசைச் சீடி ஒன்றையும் திரைப்பட டி.வி.டி. ஒன்றையும் மாறிமாறி இட்டுப் பார்த்தல் வேண்டும். ஒன்று இயங்கி மற்றது இயங்காவிடின், ஒரு லேசர் நலிந்துவிட்டது என்று கருதலாம். இரண்டும் இயங்காவிடின், வில்லையிலே தூசு படிந்திருத்தல் கூடும். இரண்டும் நன்கு இயங்கினால், ஐயம் வெற்று வட்டின்மீது செல்லவேண்டும்.

இரண்டாவது குறை, பதிவு தொடங்கும்போதே ஆற்றல் அளவீட்டுப் பிழை என்று அறிவிக்கப்படுவது. ஒவ்வொரு வட்டின் சாயமும் ஒரே தன்மையதன்று. ஆகையால், எவ்வளவு ஆற்றலோடு எரிக்கவேண்டும் என்பதைச் செலுத்தி முதலில் வட்டின் உள்விளிம்பில் ஒதுக்கப்பட்ட சிற்றிடத்தில் எரித்துப் பார்த்தே முடிவு செய்கின்றது. அச்சோதனையில் ஏற்ற அளவு கிடைக்காதபோதுதான் இவ்வறிவிப்பு எழும். வேறு கம்பனியின் வட்டொன்றை இட்டதும் பிழை நீங்கினால், குற்றம் முதல் வட்டுக்கும் செலுத்திக்கும் உள்ள பொருத்தமின்மையே. எல்லா வட்டுக்களிலும் தொடர்ந்து வந்தால், அழுக்கேறிய வில்லையையோ, முதுமையடைந்த லேசரையோ ஐயுறுதல் வேண்டும்.

மடிக்கணினியோடு வெளியே இணைக்கும் செலுத்தியாயின் இன்னொரு காரணமும் உண்டு. யூ.எஸ்.பி. 2.0 வாயில் ஒன்று தருதற்குரிய மின்னோட்டம் 500 மில்லியம்பியர் ஆகும். வட்டை வாசிப்பதற்கு வேண்டியதினும் எரிப்பதற்கு வேண்டிய ஆற்றல் கூடுதலானது. வாசிக்கும்போது குறைவின்றி இயங்கும் செலுத்தி, பதியத் தொடங்கியதும் தடுமாறினால் மின்னோட்டக் குறைவை முதலில் நினைத்தல் வேண்டும். இடையிலே பல கருவிகளைப் பிரித்து இணைக்கும் பெட்டியை நீக்கி, செலுத்தியை நேரே கணினியில் இணைத்தலும், இரு செருகிகளுள்ள வடத்தைப் பயன்படுத்தலும் இதற்குப் பரிகாரங்களாகும்.

மூன்றாவது குறை, இடம் போதாது என்னும் அறிவிப்பு. 700 மெகாபைற்று வட்டில் 80 நிமிட இசையே அடங்கும். பாட்டுகள் எம்.பி.3 கோப்புகளாக மிகச் சிறியனவாய் இருப்பினும், இசைச் சீடியாகப் பதியும்போது அவை விரிக்கப்பட்டே எழுதப்படும். அங்கே நிமிடக் கணக்கே கணக்கு. அதே பாட்டுகளை வெறுங் கோப்புகளாகப் பதிந்தால், செக்கனுக்கு 128 கிலோபிற்று வீதமுள்ளவை 12 மணித்தியாலத்துக்கு மேலும் அடங்கும். ஆனால் எம்.பி.3 அறியாத பழைய இசைப்பெட்டி அவற்றைப் பாடமாட்டாது. டி.வி.டி. உறையிலே 4.7 கிகாபைற்று என எழுதியிருக்க, கணினி 4.38 என்று காட்டுவதும் குறையன்று. உறையிலுள்ளது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு; கணினியிலுள்ளது 1024 ஆகப் பெருக்கிய கணக்கு.

நான்காவது குறை, பதிவு நடுவழியில் நின்றுபோவது. சீடியின் அடிப்படை வேகம் செக்கனுக்கு 150 கிலோபைற்று. பதினாறு மடங்கு வேகத்தில் பதியும்போது, செக்கனொன்றுக்கு 2,400 கிலோபைற்று இடைவிடாது வந்துகொண்டிருத்தல் வேண்டும். செலுத்தியினுள்ளே ஒரு சிறு தேக்கம் உண்டு. வரவு தடைப்பட்டு அத்தேக்கம் வற்றினால், ஒரு காலத்தில் வட்டு அக்கணமே பாழாகியது. 2000 ஆம் ஆண்டளவில் சன்யோ கம்பனி, லேசரை நிறுத்தி வைத்து விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரும் முறையைக் கொண்டுவந்தது. பிறரும் அத்தகைய முறைகளைக் கைக்கொண்டனர். ஆயினும், நின்று நின்று எழுதிய பதிவைவிட ஒரே ஓட்டத்தில் எழுதிய பதிவே சிறந்தது. நினைவுக் குச்சியிலோ வேறொரு கணினியிலோ உள்ள கோப்புகளை முதலில் வன்தட்டிற் படியெடுத்துக்கொள்ளுதல், ஏனைய மென்பொருள்களை மூடுதல், பதிவு முடியும்வரை கணினி உறங்காதபடி செய்தல் ஆகிய மூன்றும் இக்குறையைப் பெரும்பாலும் போக்கிவிடும்.

ஐந்தாவது குறையே பலரை ஏமாற்றுவது. பதிந்த கணினியில் வட்டு நன்றாக இயங்கும். அயல்வீட்டுக் கருவியிலோ இயங்காது. இதன் முதற்காரணம் வட்டு மூடப்படாமை. நூலுக்குப் பொருளடக்கம் போல வட்டின் உள்விளிம்பிலும் ஓர் அட்டவணை இருத்தல் வேண்டும். பின்னரும் கோப்புகளைச் சேர்க்கலாம் என்று வட்டைத் திறந்து வைக்கும்போது, அவ்வட்டவணை முற்றாக எழுதப்படுவதில்லை. பதியும் செலுத்தி, தற்காலிகக் குறிப்பைக் கொண்டு படித்துவிடும். சாதாரண இசைப்பெட்டிக்கு அத்திறமை இல்லை. வட்டை மூடியதும் இடர் தீரும்.

விண்டோஸ் கணினியில், வெற்று வட்டை இட்டதும் அதனை நினைவுக் குச்சி போலப் பயன்படுத்துவதா, சீடி அல்லது டி.வி.டி. இயக்கும் கருவிக்காகப் பதிவதா என்ற வினா எழும். பிற கருவிகளில் இயங்கவேண்டுமாயின் இரண்டாவதையே தெரிதல் நன்று. தொலைக்காட்சியோடு இணைந்த பழைய கருவிக்கு ஒளிப்படக் கோப்பை வெறுமனே படியெடுத்தல் போதாது, டி.வி.டி. ஒளிப்பட முறைக்கு மாற்றியே பதிதல் வேண்டும். அழித்தெழுதும் வட்டுக்கள் ஒளியைக் குறைவாகவே தெறிக்கச்செய்வதால், பழைய இசைப்பெட்டிகள் அவற்றை மறுப்பதும் உண்டு.

முதற் பாட்டுகள் நன்கு ஒலித்து, இறுதிப் பாட்டுகள் மாத்திரம் துள்ளினால், காரணத்தை வெளிவிளிம்பில் தேடவேண்டும். பதிவு உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்கின்றது. அதிவேகப் பதிவிலே வெளிப்பகுதிக்கு வரும்போதே வேகம் மிகும். கைவிரல் படுவதும் அங்கேதான். உச்ச வேகத்தைத் தவிர்த்து இடைவேகத்தைத் தெரிந்தால் இக்குறை பெரும்பாலும் மறையும். மிகக் குறைந்த வேகமே சிறந்தது என்னும் பழைய எண்ணமும் முற்றிலும் பொருந்தாது. பிற்கால வட்டுக்களின் சாயம் ஓரளவு வேகத்துக்கென்றே அமைக்கப்பட்டது. 52 மடங்கு வட்டுக்கு 16 அல்லது 24 மடங்கும், 16 மடங்கு டி.வி.டி.க்கு 8 மடங்கும் தகுந்தவையாகும்.

இக்குறைகள் அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றுதல் வேண்டும். முதலில் வேகம், அதன்பின் வட்டின் வகை, பின்னர் மென்பொருள், கடைசியாகச் செலுத்தி. நான்கையும் ஒருங்கே மாற்றிப் பதிவு வெற்றியாயினும், எதனால் வெற்றியாயிற்று என்பது தெரியாது. பிழை மறுநாளும் வரும்.

இனி, மறைந்திருக்கும் பிழையைப் பற்றிக் கூறுதல் வேண்டும். 1960 ஆம் ஆண்டில் ரீட், சொலமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் வகுத்த கணித முறையின் உதவியால், வட்டிலுள்ள சிறு பிழைகளைக் கருவியே திருத்திக்கொள்கின்றது. இசைச் சீடியின் தடத்தில் தொடர்ச்சியாக ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் மறைந்தாலும் ஒலி கெடுவதில்லை. இது பெரும் நன்மை; எனினும் இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. பிழைகள் நிறைந்த பதிவும் இன்று நன்கு ஒலிக்கும். பின்னர் ஒரு சிறு கீறல் சேர்ந்ததும் திருத்தும் எல்லையைக் கடந்து, திடீரென மெளனமாகிவிடும். ஆதலின் பதிவு முடிந்தபின், மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படி மென்பொருளுக்குக் கட்டளையிடுதல் வேண்டும். அதனோடு அமையாது, வேறொரு செலுத்தியில் இட்டு, வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வன்தட்டிற்குப் படியெடுத்துப் பார்த்தலும் வேண்டும். தன் கையெழுத்தைத் தான் வாசிப்பது எளிது. பிறர் வாசிக்கும்போதே அதன் தெளிவு புலப்படும்.

பதிந்த வட்டைப் பேணுதலும் பதிவின் ஒரு பகுதியே. வெயிலும் வெப்பமும் ஈரலிப்பும் சாயத்துக்கும் உலோகப் படலத்துக்கும் பகை. சீடியின் உலோகப் படலம் பெயரெழுதும் பக்கத்துக்கு மிக அண்மையில் இருப்பதால், அப்பக்கத்துக் கீறலே மிகக் கொடியது. கூரிய பேனாவால் அதில் எழுதலாகாது. ஒட்டும் கடதாசியும் சுழற்சியின் சமநிலையைக் கெடுக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு, திருத்தமுடியாத பிழையாகும்.

வட்டுக்களின் காலமும் குறுகி வருகின்றது. பெயர்பெற்ற வட்டுக்களைச் செய்த ஜப்பானிய நிறுவனமான தையோ யூடன் 2015 ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிலை விட்டது. சோனி கம்பனி, பதிதற்குரிய புளூ-ரே வட்டுக்களின் உற்பத்தியை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறுத்தியது. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் செலுத்தியின்றியே வருகின்றன. ஆகவே அரிய பதிவுகளை ஒரே வட்டை நம்பி விடாது, இரு வேறு கம்பனிகளின் வட்டுக்களில் இரு பிரதிகளாகப் பதிந்து இரு வேறு இடங்களில் வைத்தலும், வன்தட்டிலே மூன்றாவது பிரதி ஒன்றைக் காத்தலும், ஆண்டுக்கொருமுறை எடுத்து இயக்கிப் பார்த்தலும் அறிவுடைய செயல்களாகும். மூலநாடா எத்துணைப் பழையதாயினும், அதன் பிரதிகள் இரண்டு வேறு கருவிகளில் முற்றாக ஒலித்து முடியும்வரை அதனை வீசிவிடலாகாது.