தன் கேஸுக்குத் தானே ஜட்ஜ்!

ஐ.நா. சாசனத்தின் 23-வது பிரிவைப் படிச்சிருக்கீங்களா? நீங்க படிக்க வேண்டாம், பிழைச்சுப் போங்க. சட்டம் படிக்க வந்த பாவத்துக்கு நாங்க படிச்சுத்தான் ஆகணும்.

பாதுகாப்பு கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் யார் யார் என்று அதில் ஒரு லிஸ்ட் இருக்கு. சீனக் குடியரசு, பிரான்ஸ், சோவியத் யூனியன், பிரிட்டன், அமெரிக்கா. இதில் சீனக் குடியரசுன்னா இன்னைக்குத் தைவான். அவங்களை 1971-லேயே எழுப்பி அனுப்பிட்டு, பெய்ஜிங்கை உட்கார வெச்சாச்சு. சோவியத் யூனியன் 1991 டிசம்பரில் காலமாகிவிட்டது. அந்த நாற்காலியில் இனி ரஷ்யா தொடரும் என்று எல்ட்சின் ஒரு கடிதம் அனுப்பினார். அவ்வளவுதான், மேட்டர் ஓவர்! சாசனத்தில் இன்னும் ஓர் எழுத்துகூட மாறலை. நம்ம ஊர்ல தாத்தா பெயரில் இருக்கிற பட்டாவை மாத்த வாரிசு சான்றிதழ், வி.ஏ.ஓ., தாசில்தார்னு எத்தனை படி ஏறணும்? அணுகுண்டு வெச்சிருந்தா ஒரு லெட்டர் போதும் போல.

இந்த ஐந்து பேரிடமும் இருக்கிற ஆயுதம்தான் வீட்டோ. ஆனா, 'வீட்டோ' என்ற வார்த்தையே சாசனத்தில் கிடையாது. முக்கியமான தீர்மானம் நிறைவேற, நிரந்தர உறுப்பினர்களின் சம்மதமும் சேர்ந்த ஒன்பது ஓட்டு வேணும்னு 27-வது பிரிவு நாசூக்காகச் சொல்லுது. மொத்தம் 15 பேரில் 14 பேர் கை தூக்கினாலும், அந்த ஐந்தில் ஒருத்தர் முகம் சுளிச்சா தீர்மானம் குப்பைக்கூடைக்குப் போகும்.

1945-ல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் சின்ன நாடுகள் இதை எதிர்க்காமல் இல்லை. அமெரிக்க செனட்டர் டாம் கானலி எழுந்தார். வீட்டோ வேண்டாம்னா சாசனமே கிடையாது, அதைக் கிழிச்சது நீங்கதான்னு ஊருக்குப் போய்ச் சொல்லிக்கோங்கன்னு பேசிட்டு, கையிலிருந்த பிரதியைக் கிழித்து மேசையில் எறிந்தார். ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் சீனியர் தட்டைத் தூக்கிப் போடுகிற அதே ஸ்டைல்!

சட்டக் கல்லூரியில் சொல்லித் தரும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது. அதுக்கு நாங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணுகிற தீர்ப்பு கிரைபக் வழக்கு, 1969. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழு. அதில் ஓர் அதிகாரி உறுப்பினர். அதே வேலைக்கு அவரே விண்ணப்பதாரரும்கூட! தன் பெயர் வந்தபோது அவர் விவாதத்தில் கலந்துக்கலை. போட்டியாளர்கள் பெயர் வந்தபோது மட்டும் ஜம்முனு உட்கார்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அவர் உண்மையில் பாரபட்சம் காட்டினாரா என்பது கேள்வியே இல்லை, காட்டுவதற்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்றது கோர்ட்.

ஒரு வன அதிகாரி வேலைக்கு இவ்வளவு சுத்தம். இப்போ நியூயார்க்குக்கு வாங்க.

2022 பிப்ரவரி. கவுன்சில் தலைமை மாதத்துக்கு ஒரு நாடு என்று அகரவரிசையில் சுற்றி வரும். அந்த மாதம் ரஷ்யாவின் முறை. பிப்ரவரி 23 இரவு, உக்ரைன் விஷயமாக அவசரக் கூட்டம் நடக்கிறது. தலைமை நாற்காலியில் ரஷ்யத் தூதர். கூட்டம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே மாஸ்கோவில் புதின் ராணுவ நடவடிக்கையை அறிவிக்கிறார்! தலைமைப் பொறுப்பை விட்டு விலகுங்கள் என்று உக்ரைன் தூதர் நேருக்கு நேர் கேட்டார். இவர் விலகலை. இரண்டு நாள் கழித்துக் கண்டனத் தீர்மானம் வந்தது. ஆதரவு 11, எதிர்ப்பு 1. அந்த ஒண்ணு யாருன்னு சொல்லணுமா? சீனா, ஐக்கிய அரபு அமீரகத்தோடு நம்ம இந்தியாவும் நடுநிலை. கூட்டணி பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும் டைப்!

தகராறில் சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடக் கூடாதுன்னு அதே 27-வது பிரிவில் ஒரு வரி இருக்கு. ஆனா அது சமரச முயற்சிகளைப் பேசும் ஆறாவது அத்தியாயத்து முடிவுகளுக்கும், அதே வகையிலான இன்னொரு விஷயத்துக்கும் மட்டும்தான். படை, தடை என்று வரும் ஏழாவது அத்தியாயத்துக்குப் பொருந்தாது. வாய்த் தகராறுன்னா ஒதுங்கி நிற்கணும், வெட்டுக்குத்துன்னா ஓட்டுப் போடலாம்!

ரஷ்யாவை மட்டும் திட்டினால் அமெரிக்கா கோபித்துக்கொள்ளும். நிகரகுவா கேஸைப் பாருங்க. துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டது, கான்ட்ரா படைகளுக்கு உதவியது எல்லாம் சட்ட விரோதம் என்று 1986 ஜூனில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பை மதிக்காவிட்டால் எங்கே போகணும்? பாதுகாப்பு கவுன்சிலுக்கு. நிகரகுவா போச்சு. அக்டோபரில் அமெரிக்கா வீட்டோ! நஷ்ட ஈடு கடைசிவரை வரலை. 1991-ல் நிகரகுவாவில் வந்த புது அரசே கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே எழுதிட்டேன். சிரியா பக்கம் போனா அது முடியலை. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி மக்களுக்கு, டமாஸ்கஸின் அனுமதி இல்லாமலே எல்லை தாண்டி லாரிகளில் உணவும் மருந்தும் அனுப்ப 2014-ல் கவுன்சில் வழி செய்தது. நாலு எல்லை வாசல்கள். 2020 ஜனவரியில் அது இரண்டு, ஜூலையில் ஒன்று. மிச்சம் இருந்தது துருக்கி எல்லையில் பாப் அல் ஹவா மட்டும். ஒவ்வொரு தடவை கெடு முடியும்போதும் வீட்டோ பயம். 2023 பிப்ரவரியில் அந்தப் பகுதியைத்தான் பூகம்பம் புரட்டிப் போட்டது. ஐந்தே மாதத்தில், ஜூலை 11-ம் தேதி, மேலும் ஒன்பது மாதத்துக்கு வாசலைத் திறந்து வைக்கும் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தது. ஆதரவு ஓட்டு 13. அப்புறம் டமாஸ்கஸ் சம்மதித்து, செப்டம்பரில்தான் அந்த வழியாக ஐ.நா. லாரிகள் மறுபடி நகர்ந்தன. இடைப்பட்ட வாரங்களில் இன்சுலின் தீர்ந்துபோனவர் யாராவது இருந்தால், அவர் எந்தப் பிரிவின் கீழ் மனு போடுவார்?

அதே வருஷம் டிசம்பர் 8, காஸா போர் நிறுத்தம். ஆதரவு 13, பிரிட்டன் நடுநிலை, அமெரிக்கா வீட்டோ. எண்கூட மாறலை பாருங்க.

இதையெல்லாம் தெரிஞ்சும் சர்வதேசச் சட்டத்தை விருப்பப் பாடமா எடுக்கப் போறேன்னா, வகுப்பில் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். சாசனத்தைத் திருத்த ஐந்து பேரின் ஒப்புதலும் வேணும்னு 108-வது பிரிவு சொல்லுது. அதனால முன்வாசல் வழியா எதுவும் நடக்காது. ஆனா, 2022 ஏப்ரலில் லிக்டென்ஸ்டைன் ஒரு வேலை பண்ணுச்சு. நம்ம ஊர் தாலுகா சைஸ்கூட வராத நாடு. யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாளுக்குள் பொதுச் சபை கூடும், போட்டவர் அங்கே வந்து எல்லா நாடுகள் முன்னாலும் காரணம் சொல்ல அழைக்கப்படுவார் என்று ஒரு தீர்மானத்தை ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேற வெச்சது. தண்டனை கிடையாது, அபராதம் கிடையாது. மைக் முன்னால் வந்து நிற்கணும், அவ்வளவுதான். சிரியா வாசலை மூடிய ரஷ்யாவும் 2023 ஜூலையில் அங்கே வந்து நின்று பேச வேண்டியிருந்தது.