நாற்சந்தி நெறி

நான்கு தெருக்கள் கூடுமிடத்தை நம் முன்னோர் சதுக்கம் என்றனர். புகார் நகரத்துச் சதுக்கமொன்றில் தீயோரைத் தண்டிக்கும் பூதம் காவல் நின்றதெனச் சிலப்பதிகாரம் கூறும். இக்காலத்துச் சதுக்கங்களிற் காவல் நிற்பன செவ்விளக்கும் பச்சை விளக்குமாம். இவ்வகை விளக்கு முதன்முதல் 1868-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், பார்லிமெண்டு மாளிகையின் அருகே நிறுவப்பெற்றது. ஆயினும் விளக்கு மட்டுமே சந்தியைக் காத்துவிடாது. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பச்சை விளக்கு எரிந்ததும் செல்லுமாறு கட்டளை பிறந்ததாகவே நம்மிற் பெரும்பாலோம் கருதுகின்றோம். அது கட்டளையன்று, அனுமதியே. அப்புறத்தில் நம் வண்டி நிற்க இடமிருந்தாலன்றி அவ்வனுமதி பயன்படாது. ஓர் உதாரணம் கொள்வோம். அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த ஆலத்தியூரிலுள்ள சிமெண்டு ஆலையிற் சரக்கேற்றிய நெடிய லாரியொன்று சென்னைக்குள் நுழைகின்றது. அதன் நீளம் 12 மீட்டர் என்றும், சந்திக்கு அப்பால் 6 மீட்டர் இடமே உளதென்றும் கொள்வோம். ஓட்டுநர் பச்சையை நம்பிப் புகுவாராயின், லாரியின் பிற்பாதி சந்தியின் நடுவே நின்றுவிடும். பின்னர்க் குறுக்குச் சாலைக்குப் பச்சை வரும். அங்குள்ளார் நகர இயலார். அவ்வரிசை பின்னோக்கி வளர்ந்து அடுத்த சந்தியை அடைக்கும். அது மற்றொன்றை அடைக்கும். இங்ஙனம் நான்கு சந்திகள் வட்டமாக அடைபடின், முதல் லாரிக்கு முன்னே நிற்கும் வரிசையும் அந்த லாரி விலகுவதற்காகவே காத்து நிற்கும்! ஒருவரும் நகரார்.

இதனைத் தடுத்தற்பொருட்டு 1967-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சந்தியின் நடுவே மஞ்சட்கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தீட்டும் முறை வந்தது. வெளியேற இடமின்றேல் அக்கட்டத்துட் புகலாகாது. நம் நாட்டிலும் அத்தகைய கட்டங்கள் உள. 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் வெளியிட்ட மோட்டார் வாகனம் ஓட்டும் விதிகளும், பச்சை எரியினும் அப்பால் வழி அடைபட்டிருப்பின் சந்தியுட் புகலாகாதென்கின்றன.

இஃது ஒரு சில நிமிட நேரத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணுக்குரிய ஆம்புலன்சு வண்டிகள் ஓடுகின்றன. அத்தகைய வண்டிக்கு வழிவிடாதார்க்குச் சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமென 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகின்றது. ஆனால் பூட்டுண்ட சந்தியில் வழிவிட மனமிருந்தும் இடமிராது. உள்ளே கிடக்கும் நோயாளிக்கு அபராதத்தால் ஆவதென்ன?

நம் மாணவ நண்பருட் பலர் மோட்டார் சைக்கிளில் வருபவர். சிறு வண்டிதானே எனச் சந்தியின் இடைவெளிகளை நிரப்புதல் நமக்கு எளிது. பத்து சிறு வண்டிகள் கூடின் ஒரு லாரி அடைக்குமளவு அடைபடும் என்பதை மறவாதிருப்போமாக. கோட்டின் பின்னே நின்று, அப்பால் இடங்கண்டபின் செல்வோம். கோடு தீட்டாத சந்திக்கும், காவலர் நில்லாத சந்திக்கும் இந்நெறி ஒன்றே.