ஒரே ஊர், இரண்டு வகுப்பறைகள்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல நகரங்களில் ஒரு தனியார் பள்ளியும் ஓர் அரசுப் பள்ளியும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும். ஆனால் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் நிறம் வேறு வேறாக இருக்கும். இந்த வேறுபாடு எப்படி வந்தது? இதில் கத்தோலிக்கப் பள்ளிகளின் இடம் எது? கல்விப் பணியை மறைப்பணியின் ஒரு பகுதியாகவே கருதிவரும் நாம் இதைச் சற்றுச் சிந்திப்பது நல்லது.

எண்கள் சொல்வது

2014ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வெள்ளையின மாணவர்கள் பாதிக்கும் குறைவாகவே உள்ளனர். தனியார் பள்ளிகளிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையினத்தவர். அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் கறுப்பினப் பிள்ளைகள். தனியார் பள்ளிகளில் அது 10க்கும் குறைவு.

ஆனால் நாடு முழுவதற்குமான சராசரியைக் கொண்டு ஒரு பள்ளியை எடைபோட முடியாது. ஒரு தனியார் பள்ளியில் நூற்றுக்கு 20 பேர் கறுப்பினத்தவர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் 10 பேரே இருந்தால், அந்தப் பள்ளி தன் வாசலை அகலத் திறந்திருக்கிறது எனலாம். அங்கே 70 பேர் இருந்தால், அதே 20 பேர் வேறொரு செய்தியைச் சொல்கிறது. அருகிலுள்ள பள்ளியோடு ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும்.

வேர் எங்கே?

1954ஆம் ஆண்டு மே 17 அன்று, அரசுப் பள்ளிகளில் இனத்தின்படி மாணவரைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை ஏற்காத தென் மாநிலத்து வெள்ளையினப் பெற்றோர் பலர் தங்களுக்கெனத் தனியார் பள்ளிகளைத் தொடங்கினர். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகள் முழுவதுமாகவே மூடப்பட்டன. வெள்ளையினப் பிள்ளைகள் புதிய தனியார் பள்ளிக்குச் சென்றனர். கறுப்பினப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், 1964இல் நீதிமன்றம் தலையிடும்வரை, ஐந்து ஆண்டுகள் பொதுப்பள்ளி இன்றித் தவித்தனர்.

இனத்தைக் காரணம் காட்டித் தனியார் பள்ளிகளும் மாணவரை மறுக்கக் கூடாது என்று 1976இல் தீர்ப்பு வந்தது. எனவே இன்று நிறத்தைச் சொல்லி எவரும் கதவை மூடுவதில்லை. ஆனால் கட்டணம் மூடுகிறது. பேருந்து வசதி இல்லாத தூரம் மூடுகிறது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் சேரும் வழக்கமும் மூடுகிறது. அரசுப் பள்ளிகளும் இதற்கு முழு விலக்கு அல்ல. வசிக்கும் பகுதியைப் பொறுத்தே பெரும்பாலும் பள்ளி அமைவதால், குடியிருப்பில் உள்ள பிரிவினை வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகிறது.

திருச்சபையின் சாட்சியம்

1947ஆம் ஆண்டிலேயே செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர், தம் மறைமாவட்டப் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கினார். எதிர்த்து நீதிமன்றம் செல்ல முனைந்த பெற்றோரிடம், திருச்சபையிலிருந்து விலக்கப்படுவீர்கள் என எச்சரித்தார். உச்ச நீதிமன்றம் பேசுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது.

நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மெல், இனப்பிரிவினை பாவம் என்று 1956இல் அறிவித்தார். ஆயினும் எதிர்ப்பு கடுமையாக இருந்ததால், பள்ளிகள் அனைவருக்கும் திறக்கப்பட்டது 1962இல்தான். அதைத் தடுக்க முயன்ற மூவரை அவர் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்தார். அந்த ஆறு ஆண்டுத் தாமதமும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே. நற்போதனை இருந்தும் துணிவு வரக் காலமாகிறது.

புனித கேத்தரின் டிரெக்செல், தாம் பெற்ற பெருஞ்செல்வத்தைக் கறுப்பின மக்களுக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் பள்ளிகள் அமைக்கச் செலவிட்டார். 1891இல் அதற்கென்றே ஒரு துறவு சபையையும் நிறுவினார்.

இன்றைய கேள்வி

1965ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் படித்தனர். இன்று அது 20 இலட்சத்துக்கும் குறைவு. முன்பு அருள்சகோதரிகள் மிகக் குறைந்த ஊதியத்தில் கற்பித்தனர். அவர்கள் எண்ணிக்கை குறைந்ததும் ஆசிரியர் ஊதியச் செலவு உயர்ந்தது. அதனுடன் கட்டணமும் உயர்ந்தது. நகரின் நடுவே ஏழைகள் வாழும் பங்குகளில் பல பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே கத்தோலிக்கரல்லாத கறுப்பினப் பிள்ளைகளும் படித்துவந்தனர். ஆகவே ஒரு பங்குப் பள்ளியை மூடுவதா, கட்டணத்தைக் கூட்டுவதா என்பது கணக்கு வழக்கு மட்டுமல்ல. யார் உள்ளே அமர்வார், யார் வெளியே நிற்பார் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

தொழுகைக்கூடத்தில் பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டியவர்களைப் புனித யாக்கோபு கடிந்துகொள்கிறார். பள்ளியின் இருக்கைக்கும் அது பொருந்தும். நம் பங்கிலும் பள்ளி இருக்கலாம். அதன் வருகைப் பதிவேட்டையும் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நம் தெருவில் வாழ்ந்தும் நம் பதிவேட்டில் இல்லாத பிள்ளை யார்? அந்தப் பிள்ளைக்கு ஓர் இருக்கையை ஒதுக்க, நம் பங்குப் பேரவை இவ்வாண்டு என்ன செய்யப் போகிறது?